ஆண்டுக் குறிக்கோள்களைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கிறிஸ்தவர் ஆண்டவரிடம் நெருங்குவது எப்படி? உங்கள் அனுபவம் என்ன?

நான் பாளையங்கோட்டைக்காரி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பட்டியல் எழுதுவதும் டிக் அடிப்பதும் எனக்கு இயல்பாகவே வரும். அதனால் என் 2019ஆம் வருஷத்துப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன்.

வேதாகமத்தை ஒரே வருஷத்தில் வாசித்து முடிப்பது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபிப்பது. வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைப்பது. பிள்ளைகளிடம் கத்தாமல் இருப்பது. வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். மற்ற நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. என் வாசிப்பு வேதத்தின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தோடு நின்றது. நாலரைக்கு எழுந்தேன், ஆனால் ஜெபிக்க அல்ல, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க. கடனுக்கு வைத்திருந்த பணம் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் போனது. பிள்ளைகளிடம் முன்னைவிட அதிகமாகக் கத்தினேன்.

அந்த வருஷத்தில் வேதத்திலிருந்து நான் விடாமல் வாசித்தது ஒரே ஒரு பகுதிதான், 23ஆம் சங்கீதம். ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்குவேன். தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாத அம்மா, "நான் தாழ்ச்சியடையேன்" என்று முடிப்பார்கள். சிறுவயதிலிருந்து ஊறிப்போன பாட்டும் ஜெபமும் பேச்சிழந்தவர்கள் வாயில் இப்படி வருவதுண்டு என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் புரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு அந்தப் பட்டியலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அமைதி ஜெபத்துக்கு நேரம் கொடுத்தபோது எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் டிக் இல்லை. அன்றைக்கு நான் ஆண்டவரிடம் எதுவும் பேசவில்லை. ராங்க் கார்டை அப்பாவிடம் காட்டாமல் ஒளிக்கிற பிள்ளையைப்போல மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வருஷக் கடைசியில் நம்மில் பலர் ஆண்டவரைவிட்டுத் தள்ளிப்போகிற இடம் இதுதான். பட்டியலை முதலில் நாமே திருத்தி, நாமே மதிப்பெண் போட்டு, தேறினால்தான் அவர் முன்னால் போக நினைக்கிறோம்.

அன்றைய பிரசங்கம் லூக்கா 13ஆம் அதிகாரத்து அத்திமரம். மூன்று வருஷமாகக் கனி தேடி வந்து ஏமாந்த எஜமான் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரன் "இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கெஞ்சுகிறான். எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான். அன்றைக்கு அடுத்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவன் மரத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று சொல்லவில்லை. நான் கொத்துவேன், நான் எருப்போடுவேன் என்கிறான். வேலை முழுவதும் அவனுடையது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வந்த நோயை என் வளர்ச்சிக்குப் போட்ட எரு என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு அது வலிக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த வருஷம் முழுவதும் தோட்டக்காரர் என்னைவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடன்படிக்கை ஆராதனை, அதாவது நம்மை ஆண்டவருக்கு மறுபடியும் ஒப்புக்கொடுக்கிற ஆராதனை. 1755 ஆகஸ்டில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் நடத்திய ஆராதனையிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. 1947இல் மெத்தடிஸ்டுகளும் ஆங்கிலிக்கன்களும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது நம்மிடமும் வந்து சேர்ந்தது. அந்த ஜெபத்தில், உமக்காக வேலை செய்யவும் சம்மதம், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் சம்மதம் என்கிற பொருளில் ஒரு வரி உண்டு. என் பட்டியல் எதிலும் 'ஒதுக்கி வைக்கப்படுவது' என்ற ஒன்றுக்கு இடமே இருந்ததில்லை. அந்த வரியைச் சபையோடு சேர்ந்து சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்குவேன். முதலில் 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்கிற வேலையை அவரிடம் விட்டபிறகுதான் பட்டியலைத் திறப்பேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு அவருக்கு வாசித்துக் காட்டுவேன். முடித்தேனா இல்லையா என்று அப்போது பார்ப்பதில்லை. இதை யாருக்காக எழுதினேன், இதில் நீர் எங்கே இருந்தீர் என்று கேட்பேன். சில வரிகளில் பதில் சங்கடமாக இருக்கும். நாலரை மணி ஜெபத்தை நான் எழுதியதற்கு ஒரு காரணம், சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வேறொருவர் அப்படிச் செய்வதாகச் சாட்சி சொன்னது. அதை அறிக்கை செய்யவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பிறகு காலண்டரை மாதம் மாதமாகப் புரட்டி, பட்டியலில் இல்லாமலே கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்வேன். அம்மாவின் 'தாழ்ச்சியடையேன்' எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

புதுப் பட்டியல் இப்போது மூன்று வரிக்கு மேல் போகாது. யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரத்தில் இருப்பதுபோல 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று தலைப்பிலேயே எழுதிவிடுவேன். மாதாமாதம் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின ராத்திரி அதை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது. மாதாமாதம் பார்க்கும்போது பேச்சாக இருக்கிறது.

புத்தாண்டில் எடுக்கிற, ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை அந்த வருஷத்துக்கான ராசிபலன்போல் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வசனம் இருக்கிற அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. ஒரே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிற வாக்கு அல்ல அது. காத்திருக்கிற காலத்திலும் அங்கே கூட இருக்கிறேன் என்கிற வாக்கு.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், பட்டியலில் எந்த வரியை வாய்விட்டு வாசிக்கக் கூச்சமாக இருக்கிறதோ அதை முதலில் வாசியுங்கள். எனக்கு இந்த வருஷம் அது என் தங்கை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் எங்களுக்குள் வந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. 'அவளோடு பேசுவது' என்று மூன்று வருஷமாக எழுதுகிறேன், மூன்று வருஷமாகத் தாண்டிப்போகிறேன். இந்த முறை ஆண்டவரிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். அடுத்த திருவிருந்துக்கு முன்னால் அவளுக்கு ஃபோன் பண்ண வேண்டும்.