ஜவுளிக்காரர் மகன் ஆக்ஸ்ஃபோர்டு போக முடியாது

கேள்வி: ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் 1690களின் லண்டன். நாயகன் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி. 1689இல் சகிப்புச் சட்டம் வந்ததும் அவருக்கு விடிவுகாலம் பிறக்கிறது; மகன் ஆக்ஸ்ஃபோர்டில் சேருகிறான், இவர் லண்டன் மேயர் ஆகிறார். வரலாறு படித்த என் தோழி, ‘இதெல்லாம் நடக்கவே நடக்காது’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். சட்டம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன தடை? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: தோழி சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மேயர் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஒரு சந்து இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தச் சட்டத்தின் தலைப்பைப் பாருங்கள். ‘சகிப்பு’ என்ற சொல்லே அதில் கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து (அதுதான் ஆங்கிலிக்கன் திருச்சபை) விலகி நிற்கும் புராட்டஸ்டன்ட் குடிமக்களுக்குச் சில சட்டங்களின் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கும் சட்டம் என்று நீளமாகப் போகும். பழைய சட்டங்களை யாரும் கிழித்துப் போடவில்லை. அவை அப்படியே கிடந்தன. சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டால் உன்மேல் பாயாது, அவ்வளவுதான். வீடு ஆங்கிலிக்கன் திருச்சபையுடையது, உங்கள் ஜவுளிக்காரர் திண்ணையில் படுத்துக்கொள்ள அனுமதி வாங்கியவர்.

அந்தத் திண்ணையும் சாதாரணமாகக் கிடைத்ததில்லை. உங்கள் நாயகனின் இளமைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1662இல் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலான பொது ஜெபப் புத்தகத்தை முழுசாக ஏற்காத போதகர்கள் சுமார் 2,000 பேர் திருச்சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1664 சட்டப்படி குடும்பத்தாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடித் தங்கள் முறையில் வழிபட்டால் குற்றம். 1670இல் அதைப் புதுப்பித்தபோது அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டிக்கொடுத்தவருக்கு என்று வைத்தார்கள், அப்புறம் ஒற்றர்களுக்குக் கேட்கவா வேண்டும்! நம் கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்துக்கு மூலநூல் எழுதிய ஜான் பன்யன், பிரசங்கத்தை நிறுத்த மாட்டேன் என்றதற்காக பெட்ஃபோர்டு சிறையில் 12 வருடம் இருந்தார். வீட்டில் பார்வையில்லாத மகள். சிறைக்குள் கயிற்றுநாடா முனைகளுக்குத் தகடு கட்டி விற்றுத்தான் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார்.

இப்போது 1689க்கு வாருங்கள். ஆராதனைக் கூடத்தைப் பிஷப்பிடமோ நீதிபதிகளின் மன்றத்திலோ பதிவு செய்ய வேண்டும், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், போதகர் ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் மூன்றையும் இன்னொன்றில் ஒரு பகுதியையும் தவிர மீதி எல்லாவற்றுக்கும் கையெழுத்திட வேண்டும். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று இருக்கிறது: கூட்டம் நடக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது. தாழிட்டால் சலுகை போச்சு. உள்ளே சதி நடக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாமாம். இருபத்தைந்து வருடம் தாழ்ப்பாள் போட்டு, வாசலில் ஆள் நிறுத்தி ஜெபித்த கூட்டம் அது. உங்கள் முதல் அத்தியாயத்தில் ஒரு பாட்டி பழக்க தோஷத்தில் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்க, நாலு பேர் பதறி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஓடி வரட்டுமே. பத்துப் பக்கம் விளக்கி எழுதுவது மிச்சம்.

மகனை மட்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே சேரும்போதே அந்த 39க்கும் கையெழுத்துப் போட வேண்டும். கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் வாங்க முடியாது. இப்படி விலகி நின்ற மாற்றுச் சபையார் தாங்களே பள்ளிகள் நடத்தினார்கள். ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ படித்தது லண்டன் அருகே நியூயிங்டன் கிரீனில் இருந்த அப்படியொரு பள்ளியில்தான். அங்கே போகட்டும், அல்லது படிக்க ஹாலந்துக்குக் கப்பல் ஏறட்டும்.

சரி, மேயர் பதவி. 1661 சட்டப்படி நகராட்சிப் பதவிக்கு வருபவர் அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் ஆங்கிலிக்கன் முறையில் திருவிருந்து எடுத்திருக்க வேண்டும். சந்து இங்கேதான். ஒரே ஒரு ஞாயிறு ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போய் அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு பழையபடி சொந்தக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். 1697இல் மேயரான சர் ஹம்ஃப்ரி எட்வின் அப்படிப்பட்டவர்தான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, மேயருக்குரிய வாளும் பரிவாரமுமாக மாற்றுச் சபைக் கூடத்துக்கே ஊர்வலம் போனார். ஆங்கிலிக்கன்கள் கொதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மாற்றுச் சபைக்காரரான டீஃபோவுக்கும் இது பிடிக்கவில்லை, பதவிக்காக மனசாட்சியை வளைக்கிறீர்களே என்று எழுதினார். உங்கள் நாவலின் உயிர் அந்தத் திருவிருந்துக் காட்சியில்தான் இருக்கிறது என்பேன். அவர் முழங்காலிடுகிறாரா இல்லையா? மனைவி அன்று ராத்திரி என்ன பேசினாள்? 1711இல் சட்டம் போட்டு இந்தச் சந்து வழியையும் அடைத்தார்கள், 1719இல் திறந்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு கத்தோலிக்கரை வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். அவருக்கு 1689இல் ஒன்றுமே கிடைக்கவில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுப்பவர்களுக்கும் அப்படியே. சகிப்பைப் பற்றி அதே வருடம் கடிதம் வெளியிட்ட தத்துவஞானி ஜான் லாக்கூட நாத்திகர்களைச் சேர்க்கவில்லை. உங்கள் ஜவுளிக்காரரும் அந்தக் கத்தோலிக்கரைப் பார்த்து முகம் சுளிப்பவராகத்தான் இருந்திருப்பார், அவரைத் தியாகியாக்கி நல்லவராகவே காட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால் ஒரு கொசுறு: 1748இல் லண்டன் மாநகராட்சி ஒரு விதி போட்டது. ஷெரிஃப் என்ற மாநகர அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவி ஏற்காதவருக்கு அபராதம். பிறகு திருவிருந்து எடுக்கவே மாட்டார்கள் என்று தெரிந்த மாற்றுச் சபைக்காரர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்! இப்படிக் கறந்த 15,000 பவுண்டுக்கு மேல் பணம் மேயரின் மாளிகை கட்டப் போனது. ஒருவர் எதிர்த்து வழக்காடி, 1767இல் பிரபுக்கள் சபையில் தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு மாற்றுச் சபையில் இருப்பது குற்றமல்ல என்று சொன்ன பிறகுதான் அது நின்றது. உங்கள் நாயகனின் பேரனுக்கு இது சரியாகப் பொருந்தும்.

நாயகன் இறந்தால் லண்டனில் மாற்றுச் சபையாரின் இடுகாடான பன்ஹில் ஃபீல்ட்ஸில் அடக்கம் செய்யுங்கள். பன்யன் அங்கேதான் இருக்கிறார், டீஃபோவும் பின்னால் வருவார். அதுவரை ஊர் ஆங்கிலிக்கன் பாதிரியாருக்குச் சேர வேண்டிய வரியை ஜவுளிக்காரர் தவறாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதிலிருந்து அந்தச் சட்டம் யாருக்கும் விலக்கு கொடுக்கவில்லை.