நடுத்தர அளவு டீஹியூமிடிஃபையர்: எந்த அறைக்கு எது?

ஊட்டி, வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் துணி காயாது, பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். அங்கே படுக்கையறைக்கும் ஹாலுக்கும் எந்த அளவு டீஹியூமிடிஃபையர் வாங்கலாம் என்ற கேள்விக்கு இந்தப் பதில்.

டீஹியூமிடிஃபையர் என்பது காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிரித்துத் தொட்டியில் சேர்க்கும் கருவி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்குமே, அதே வேலைதான். உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாயில் காற்று பட்டதும் ஈரம் நீராகிச் சொட்டுகிறது.

பெட்டியில் 'ஒரு நாளைக்கு 20 லிட்டர்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. மலைக்குளிரில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் சதுர அடியை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். படுக்கையறைக்கு 10-12 லிட்டர் போதும். சத்தம் குறைவாக இருப்பதுதான் அங்கே முக்கியம். துணி உலர்த்தும் ஹாலுக்கு 20 லிட்டர், குழாய் வழியே தண்ணீர் தானாக வடியும் வசதியோடு. 15 டிகிரிக்குக் கீழே போகும் அறையில் கருவிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாயில் பனி படிந்துவிடும், அங்கே ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் வகையே என் தேர்வு. அப்புறம், ஈரப்பதத்தை 50-60 சதவீதத்தில் வைத்தால் சரி.

இது ஏசி மாதிரி அறையைக் குளிர்விக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அறை கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்.