ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சும்மா போய்விடலாமா? கிளப்புக்கு ஒன்றுமே கிடையாதா?

கேள்வி: ஐயா, நாங்கள் நடத்துவது ஒரு சின்ன கால்பந்து கிளப். நான் அதன் செயலாளர். 12 வயதில் எங்களிடம் வந்த பையனுக்கு இந்த ஆண்டு 20 முடிகிறது. 17 வயதில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். வரும் ஜூன் 30-ஆம் தேதி அது முடிகிறது. வெளிநாட்டு கிளப் ஒன்றுடன் போன மாதம், பிப்ரவரியில், கையெழுத்தாகிவிட்டதாம். "ஒப்பந்தம்தான் முடிகிறதே, ஒரு காசு தரத் தேவையில்லை" என்கிறார் அவனுடைய ஏஜென்ட். கூடவே ஒரு கடிதத்தை அனுப்பி, எங்கள் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார். தடையில்லாச் சான்று தராமல் இழுத்தடிப்போம் என்கிறார்கள் கமிட்டியில் சிலர். ஜூன் வரை அவனைத் தனியாக ஓட விடுவோம், ஆட்டத்தில் இறக்க வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். கிளப் விரும்பினால் இதே சம்பளத்தில் இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்? பெண்கள் அணியிலிருந்தும் ஒருவர் இதே போலப் போகிறார். அதற்கும் இதே சட்டம்தானா?

பதில்: முதல் வேலையாக, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இணைத்திருந்த நகலைப் படித்துப் பார்த்தேன். முதல் பத்தி பையனுக்கு வாழ்த்து. இரண்டாவது பத்தி கிளப்புக்கு நன்றி. மூன்றாவது பத்தியின் நடுவில், யார் கண்ணிலும் சட்டென்று படாத இடத்தில், "மேற்படி வீரர் தொடர்பாகப் பயிற்சி இழப்பீடு உட்பட இப்போதோ பின்னரோ எவ்விதப் பண உரிமையும் எங்களுக்கு இல்லை" என்று ஒரு வரி. மற்றதெல்லாம் அந்த வரியைச் சுற்றிப் போட்ட ஜோடனை. ஒரு காசும் தரத் தேவையில்லை என்பது உண்மையானால், உரிமை இல்லை என்று உங்களிடம் எழுதி வாங்க அவர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை, அதாவது அவரை விட்டுக்கொடுக்கப் புதிய கிளப்பிடம் வாங்கும் விலை, கேட்க முடியாது. அதற்குக் காரணமான வழக்கும் உங்களைப் போன்ற ஒரு கிளப்பிலிருந்து வந்ததுதான். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. மாதம் 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க் வாங்கியவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 தருகிறோம் என்றது கிளப். அவர் பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக முடிவெடுத்தார். டன்கெர்க் பணம் கட்டுமா என்று சந்தேகப்பட்ட லியேஜ், மாறுதல் சான்றிதழை அனுப்பும்படி பெல்ஜிய சங்கத்திடம் கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு அவரை இடைநீக்கமும் செய்தது. உங்கள் கமிட்டிக்காரர்கள் சொல்லும் இரண்டு யோசனைகளையும் லியேஜ் அப்படியே செய்து பார்த்துவிட்டது! அதன் விளைவுதான் 1995 டிசம்பர் 15-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போக, பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது என்றது அது. 2001-ல் ஃபிஃபா தன் விதிகளையே திருத்தி எழுதியது. இன்று உலகம் முழுக்க அந்த விதிகள்தான்.

ஆகவே தடையில்லாச் சான்று யோசனையை விட்டுவிடுங்கள். நாடு விட்டு நாடு போகும் வீரருக்குச் சான்றிதழ் தருவது உங்கள் தேசிய சங்கம், கிளப் அல்ல. பழைய ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றாலோ, இடையில் முறித்துக்கொள்ள இரு தரப்பும் சம்மதிக்கவில்லை என்றாலோதான் 2024 வரை சங்கம் மறுக்க முடிந்தது. அந்தப் பழைய விதிப்படி பார்த்தாலும், ஜூலை 1 அன்று இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது.

பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டதும் தப்பில்லை. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வீரர் வேறு கிளப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பேச்சைத் தொடங்கும் முன் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டிய கடமை புதிய கிளப்புக்கு இருந்தது. அவர்கள் தெரிவிக்கவில்லை என்றால் புகார் செய்யலாம். ஆனால் அதனால் உங்கள் கைக்குப் பணம் எதுவும் வராது. நானாக இருந்தால் அதைப் பேச்சுவார்த்தையில் ஒரு முறை நினைவூட்டுவேன், அவ்வளவுதான்.

தனியாக ஓட விடும் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பயிற்சியாளர் ஆட்டத்தில் இறக்காமல் இருப்பது அவர் விருப்பம். அதை யாரும் கேள்வி கேட்பது கடினம். அணியோடு பயிற்சிக்கே விடாமல் ஒதுக்கி வைப்பது வேறு. வீரரை நெருக்கித் தன் வழிக்குக் கொண்டுவர நடந்த முறைகேடு என்று ஃபிஃபா தீர்ப்பாயம் அதைப் பார்த்தால், தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்க அவனுக்கு உரிமை வந்துவிடும். சம்பளமும் அப்படியே. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு அவன் வெளியேறலாம். கிளப்பின் குற்றத்தால் ஒப்பந்தம் முறிந்தது என்று ஆகிவிட்டால், நான் கீழே சொல்லப்போகும் பணம் உங்கள் கையை விட்டுப் போகும். கோபத்தில் கமிட்டி எடுக்கும் ஒரு முடிவு எட்டு ஆண்டு உழைப்பைத் தின்றுவிடும். ஜூன் 30 வரை அவனுக்குச் சம்பளம் தேதி தவறாமல் போகட்டும், அதுவும் வங்கி வழியாக.

ஓராண்டு நீட்டிப்புப் பிரிவை நம்பி இறங்காதீர்கள். கிளப்புக்கு மட்டும் தேர்வு, வீரருக்கு எதுவும் இல்லை, சம்பளமும் ஏறாது என்கிற இத்தகைய பிரிவுகளை ஃபிஃபா தீர்ப்பாயமும் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கின்றன. நீட்டிக்கும் காலத்துக்கு உச்சவரம்பு, உயரும் சம்பளம், முன்கூட்டியே அறிவிக்கும் கெடு எல்லாம் தெளிவாக இருந்தால் சில நேரம் நிற்கும். உங்களுடையது நிற்காது என்றே நினைக்கிறேன்.

இனி பணத்துக்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் தொகை வேறு, பயிற்சி இழப்பீடு வேறு. 23 வயது ஆகும் காலண்டர் ஆண்டு முடியும் வரை, ஒரு தொழில்முறை வீரர் நாடு மாறும் ஒவ்வொரு முறையும், அவரை வளர்த்த முந்தைய கிளப்புக்குப் புதிய கிளப் பயிற்சி இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்தத்தின் நடுவில் போனாலும் சரி, முடிந்து போனாலும் சரி என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்ட் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். கொள்கை அளவில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. லியோன் கிளப் வளர்த்த ஒலிவியே பெர்னார் நியூகாசிலுக்குப் போன வழக்கில், 2010-ல் வந்த தீர்ப்பு அது. இளைஞர்களை வளர்க்க கிளப்புகளுக்கு ஊக்கம் வேண்டும், அதற்காக இழப்பீடு கேட்கலாம், ஆனால் அது உண்மையான பயிற்சிச் செலவோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பையன் ஓடிவிட்டான் என்பதற்கான தண்டனைத் தொகையாக அது இருக்கக் கூடாது.

எவ்வளவு வரும் என்பது உங்கள் செலவைப் பொறுத்ததல்ல, அவனைச் சேர்த்துக்கொள்ளும் கிளப் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லீக் டிவிஷன் அல்ல, பயிற்சிக்குச் செலவிடும் அளவை வைத்துக் கிளப்புகளுக்குத் தரும் பிரிவு இது. ஐரோப்பாவில் முதல் பிரிவு கிளப்புக்கு ஆண்டுக்கு 90,000 யூரோ, இரண்டாம் பிரிவுக்கு 60,000, மூன்றாம் பிரிவுக்கு 30,000, நான்காம் பிரிவுக்கு 10,000 என்று கணக்கு. மற்ற கண்டங்களில் இது குறைவு. 12 முதல் 15 வயது வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு எப்போதும் நான்காம் பிரிவுத் தொகைதான். உங்கள் பையன் ஐரோப்பாவில் இரண்டாம் பிரிவு கிளப்புக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு ஆண்டுக்கு 40,000. 16 முதல் 19 வரை நான்கு ஆண்டுக்கு 2,40,000. இந்த ஆண்டின் அரைப் பங்குக்கு 30,000. மொத்தம் ஏறத்தாழ 3,10,000 யூரோ. அதே பையன் மூன்றாம் பிரிவு கிளப்புக்குப் போனால் 1,75,000. நான்காம் பிரிவு கிளப்புக்குப் போனால் எதுவும் கிடையாது. அதனால் அந்த கிளப் எந்தப் பிரிவு என்று இன்றே உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.

இரண்டு கிளப்புகளும் எந்த நாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளோ, அதையொட்டிய பொருளாதார மண்டலத்துக்குள்ளோ இருந்தால் கணக்கு சற்று மாறும். கீழ்ப்பிரிவிலிருந்து மேல்பிரிவுக்குப் போகும்போது இரு பிரிவுகளின் சராசரியை எடுப்பார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அங்கே பழைய கிளப் தன் வீரருக்குப் புதிய ஒப்பந்தம் தர முன்வந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன்பே, எழுத்தில், இப்போதைய ஒப்பந்தத்துக்குக் குறையாத மதிப்பில். அதைச் செய்யாத கிளப், 'இவன்மேல் எங்களுக்கு உண்மையான அக்கறை இருந்தது' என்று வேறு வழியில் நிரூபிக்கப் போராட வேண்டும். சின்ன கிளப்புகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். "எப்படியும் போகப்போகிறான், இவனுக்கு எதற்கு ஆஃபர்" என்று விட்டுவிடுகிறார்கள். போகப்போகிறவனுக்குத்தான் ஆஃபர் அவசியம்!

ஒன்றியத்துக்கு வெளியே இந்த நிபந்தனை இல்லை. இருந்தாலும் செய்துவிடுங்கள், தபால் செலவைத் தவிர என்ன ஆகிவிடப்போகிறது? உங்கள் விஷயத்தில் ஏப்ரல் முடிவதற்குள் பதிவுத் தபால் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சலும் அனுப்புங்கள். சம்பளம், போனஸ், தங்குமிடம் என்று பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஒவ்வொன்றும் புதியதிலும் குறையாமல் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஒருவேளை பையன் மனம் மாறி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சம்பளத்தை நீங்கள் தந்தே ஆக வேண்டும். தர முடியாத தொகையை எழுதாதீர்கள்.

இன்னொரு பணமும் இருக்கிறது, அது இன்று வராது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வீரர் தொகைக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுக்குள் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். சாலிடாரிட்டி தொகை என்பார்கள். இப்போது தொகையே இல்லாததால் இது பொருந்தாது. ஆனால் நாளை அந்தப் புதிய கிளப் அவனை வேறு நாட்டு கிளப்புக்கு விற்றால் பொருந்தும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16-லிருந்து ஆண்டுக்கு 0.5 சதவீதம். உங்கள் பங்கு மொத்தத்தில் சுமார் 3.25 சதவீதம். ஒரு கோடி யூரோவுக்கு விற்றால் 3,25,000 யூரோ. பயிற்சி இழப்பீட்டைவிடவே அதிகம். அந்தக் கடிதத்தில் "பின்னரோ" என்ற சொல் ஏன் இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

2022 நவம்பர் முதல் இந்த இரண்டு தொகைகளும் பாரிஸில் இருக்கும் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாக வருகின்றன. வீரரின் பதிவு வரலாற்றை மின்னணு பாஸ்போர்ட்டாகத் தொகுத்து, யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அந்த வரலாறு உங்கள் சங்கத்தின் பதிவேட்டில் இருப்பதுதான். 12 வயதில் மைதானத்துக்கு வந்தான், 14 வயதில்தான் சங்கத்தில் பதிந்தோம் என்றால் நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளை நிரூபிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். நாளையே சங்கத்துக்குப் போய் அவன் பெயரில் ஆண்டுவாரியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிறந்த தேதி ஒத்துப்போகிறதா, கிளப்பின் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு வரும்போது பதில் சொல்லக் கிடைப்பது சில நாட்கள்தான். தகராறானால் இரண்டு ஆண்டுக்குள் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாண்டினால் மனுவையே எடுக்க மாட்டார்கள்.

ஏஜென்டுக்கு என்ன பதில் எழுதுவது? நான்கு வரி போதும். பையனுக்கு வாழ்த்து, ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது என்ற உறுதி, ஃபிஃபா விதிப்படியான எங்கள் உரிமைகள் அப்படியே நிலுவையில் இருக்கின்றன என்ற வரி, கையெழுத்து. விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் பேரத்துக்கு வந்தால் வரட்டும். முழுத் தொகை கட்ட யோசிக்கும் கிளப் ஆளையே வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அந்தப் பையனின் எதிர்காலத்தையும் நினைத்து ஒரு நியாயமான தொகைக்கு இறங்கி வருவதில் தப்பில்லை. இறங்குவதானால் எண்ணைக் கேட்டு இறங்குங்கள், சும்மா இறங்காதீர்கள்.

அடுத்த பையனுக்கு: 18 வயதுக்குக் கீழ் மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் செல்லாது என்பதால் உங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, சரி. ஆனால் 18 முடிந்த அன்றே புதிய ஒப்பந்தம் பேசியிருக்கலாம். அப்போது ஐந்து ஆண்டு வரை போடலாம். அவன் மறுத்தால், கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே, தொகை சின்னதானாலும், அடுத்த விற்பனையில் ஒரு பங்கு உங்களுக்கு வரும்படி எழுதி வாங்கிக்கொண்டு விற்றுவிடுவது புத்திசாலித்தனம். உள்நாட்டுக்குள்ளேயே மாறினால் உங்கள் தேசிய சங்கத்தின் விதிதான் பேசும், ஃபிஃபாவின் அட்டவணை அல்ல. இங்கிலாந்தில் 24 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. 2015-ல் ஒப்பந்தம் முடிந்து பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போன டேனி இங்ஸுக்கு முதல் தவணையாகவே 65 லட்சம் பவுண்டு கட்டச் சொன்னது அது. உங்கள் நாட்டு விதிப்புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

பெண்கள் அணி விஷயம் வேறு. பயிற்சி இழப்பீடு பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபா விதி வெளிப்படையாகவே சொல்கிறது. அது நியாயமா என்று கேட்டால் எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் இன்றைய விதி அதுதான். ஒப்பந்தம் முடிந்து போகும் அந்த வீராங்கனைக்காக இப்போது எதுவும் கேட்க முடியாது. சாலிடாரிட்டி தொகை மட்டும் பெண்களுக்கும் உண்டு. அதனால் அவர் பெயரிலும் அதே மாதிரி ஒரு கடிதம் வந்தால், அதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.