வீராணம் கரையில் ஒரு மனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த ஆண்டு பணி ஓய்வு. ‘பொன்னியின் செல்வன்’ வாசித்த நாளிலிருந்து வீராணம் ஏரி மனதில் கிடக்கிறது. ஆடிப்பெருக்கன்று போய்ப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் காட்டுமன்னார்கோயில் பக்கம் கரையோரமாக ஒரு மனை வாங்கிக் குடியேறலாம் என்று யோசனை. நாளிதழில் நீர்மட்டம் 45 அடி, 47 அடி என்று போடுகிறார்கள். அவ்வளவு ஆழமா? எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

ஆழமில்லை. 47.50 அடி என்பது ஏரி நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து நிற்கும் உயரம். கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. அது தெற்கு வடக்காக நீண்ட ஏரியில் பரந்து கிடப்பதால் ஆழம் குறைவு, வெயிலுக்குச் சீக்கிரம் வற்றும். 40 அடிக்குக் கீழே என்று செய்தி வந்தால் பாதி இடத்தில் மாடு மேயும். கிளம்புவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாவல் ஆடிப் பதினெட்டில், நிறைந்த ஏரியோடு தொடங்கும். இன்று அது மேட்டூர் கையில். வழக்கமான ஜூன் 12-ல் அணை திறந்தால், கல்லணை வந்து, கொள்ளிடத்தில் கீழணைக்கு இறங்கி, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வர வேண்டும். அணை தாமதமானால் ஆடிப்பெருக்கன்று சேற்றைத்தான் பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு 2004 முதல் சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னைக்கும் குழாயில் குடிநீர் போகிறது. தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி முதல் தை வரை வாருங்கள்.

கரை கிழக்கில், நீர் மேற்கில். ஆகவே கரைச் சாலையில் நின்றால் அஸ்தமனம் தண்ணீருக்கு மேல் தெரியும். பறவை பார்ப்பவர்களுக்குக் காலைதான் நல்லது, வெயில் முதுகுப்பக்கமிருந்து விழும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அலை நேரே கரைக்கல்லில் மோதும். மதகுப் பக்கம் குளிக்க இறங்காதீர்கள். மேலே தண்ணீர் சும்மா கிடப்பது போலிருக்கும், இழுவை அடியில் இருக்கும். தங்குவதற்குச் சிதம்பரமே வசதி. ரயிலும் அங்கேதான், பிறகு பேருந்தில் சுமார் 25 கி.மீ. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த ராஜராஜன் காலக் கல்வெட்டு இருக்கிறது. நண்பகலில் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் போங்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் எழுத்து எழும்பித் தெரியும்.

இனி மனை. ‘கரையோரம்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. கரைக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் ஏரிப் பாசனத்து நஞ்சை, நீர்மட்டத்தைவிடத் தாழ்வான நிலம். மழைக்காலத்தில் அரியலூர்ப் பக்கத்து ஓடைகளும் ஏரிக்குள் பாயும். கரையைக் காப்பாற்ற லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடையில் உபரியைத் திறப்பார்கள். திருநாரையூர், வீரநத்தம் பக்கம் வயலும் தெருவும் மூழ்குவது அப்போதுதான். தரகர் உங்களைப் பங்குனியில் அழைத்துப் போவார், எல்லாம் மேடாகத் தெரியும். கார்த்திகையில் ஒருமுறை நீங்களாகவே போய், பக்கத்து வீட்டுச் சுவரில் பழுப்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுத் தரை அதற்கு மேலே இரண்டடியாவது இருக்க வேண்டும்.

மண் களிமண். கோடையில் வயலில் கை நுழையும் வெடிப்பு விடும், மழையில் ஊதிக்கொள்ளும். மூன்றடி தோண்டிக் கருங்கல் போட்டுக் கட்டிய வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்க்கலாம். அதைச் சிமெண்ட் பூசி அடைப்பது வீண்வேலை, அடுத்த கோடையில் திரும்பத் திறக்கும். சுமார் 12 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலும் ‘அண்டர் ரீம்டு பைல்’ போடச் சொல்லுங்கள். செலவு கூடும்தான்.

கழிவறையை யாரும் யோசிப்பதில்லை. மார்கழியில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது உறிஞ்சுகுழி உறிஞ்சாது, திருப்பித் தள்ளும். தொட்டியின் மூடியை வெள்ளக் கோட்டுக்கு மேலே வையுங்கள், ஆழ்துளைக் கிணற்றை அதிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போடுங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது போதாது. அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், இடம் ஒரு காலத்தில் வாய்க்காலா என்று காட்டாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள், புலப்படத்தையும் (அந்த எண்ணின் நில அளவை வரைபடம்) வாங்கிக்கொள்ளுங்கள். ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று எது இருந்தாலும் விட்டுவிடுங்கள், பட்டா காட்டினாலும் சரி.

அவசரமில்லையென்றால் புரட்டாசியில் ஊருக்குள் ஒரு வாடகை வீடு பிடித்து, அடுத்த சித்திரை வரை இருந்து பாருங்கள். மனைக்கு முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.