ஓட்ஸ் பால்: கேள்வி பதில்

கே: வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால் கொழகொழவென்று இருக்கிறதே?

ப: பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும் மாவுச்சத்தும் கரைந்து வருவதால்தான். ஊறவைக்காதீர்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் மட்டும் அரைத்து வடிகட்டுங்கள். துணியைப் பிழியவே கூடாது. அப்புறம், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ பவுடர் பாலுக்கோ பதிலாக இதைக் கொடுக்காதீர்கள்.

கே: சூடாக்கினால் கஞ்சியாகிவிடுகிறது. கடையில் வாங்குவது மட்டும் ஏன் ஆவதில்லை?

ப: சூட்டில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பும். ஆலையில் அமைலேஸ் என்ற நொதியைப் போட்டு அந்த மாவுச்சத்தை முன்பே உடைத்துவிடுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்தே வளர்த்தெடுத்த முறை இது.

கே: 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டிருக்கிறது, ஆனால் இனிக்கிறது!

ப: உடைந்த மாவுச்சத்துதான் மால்டோஸ் என்ற சர்க்கரையாகிறது.

கே: தானியத்தின் இயற்கைச் சர்க்கரைதானே? அதில் என்ன தப்பு?

ப: இல்லை, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்ஸில் சர்க்கரை மிகக் குறைவு. இது நொதி போட்ட பிறகு உருவானது. அமெரிக்காவில் சில தயாரிப்புகளின் லேபிளில் இதைச் 'சேர்த்த சர்க்கரை' என்றே காட்டுகிறார்கள். மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் இணைந்தது, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டப்பாவின் முன்பக்க வாசகத்தை நம்பாமல் பின்பக்கம் மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்.

கே: மாட்டுப் பாலிலும் சர்க்கரை உண்டே! ஓட்ஸை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

ப: திட்டவில்லை. மாட்டுப் பாலில் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, ஆனால் அது மெதுவாக ஏறும். கூடவே 3 கிராமுக்கு மேல் புரதமும் வரும். ஓட்ஸ் பாலில் புரதம் பெரும்பாலும் 1 கிராம் அளவுதான். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல வழி, சந்தேகமே இல்லை. புரதத்தை மட்டும் வேறு உணவில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

கே: சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

ப: ஆம். 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த உலகளாவிய ஆய்வில் லிட்டருக்கு மாட்டுப் பாலின் கரியமில உமிழ்வு சுமார் 3 கிலோ, ஓட்ஸ் பாலுக்கு 1 கிலோவுக்கும் கீழே.

கே: காபியில் திரிகிறது.

ப: காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை. பாலைச் சூடாக்கி, காபியைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கலக்குங்கள்.

கே: வீட்டில் செய்தால் வழவழப்பு வருகிறது, என்ன செய்ய?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ப: அதையும் முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கூடவே கூடாது.