உப்புத் தண்ணீரில் இறங்கும் ட்ரெய்லர்

கேள்வி: ஐந்து மீட்டர் அலுமினியப் படகு ஒன்று வாங்கப் போகிறேன், போர்ட் பிலிப் விரிகுடாவில் ஸ்னாப்பர் மீன் பிடிக்கத்தான். ட்ரெய்லர் விஷயத்தில்தான் குழப்பம். பெயின்ட் அடித்த பழைய இரும்பு ட்ரெய்லர் மலிவாகக் கிடைக்கிறது. கால்வனைஸ்டு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, வாங்கு என்கிறார் மச்சான், அலுமினியம்தான் துருப்பிடிக்காது என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?
- வாசகர், மெல்பர்ன்

பதில்: மச்சான் பேச்சைக் கேளுங்கள். பெயின்ட் அடித்த இரும்பு நன்னீர் ஏரிக்குப் போதும், கடலுக்கு வேண்டவே வேண்டாம். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அதன் வழியாக உள்ளே போய், மேலே பளபளப்பு அப்படியே இருக்க அடியில் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். விற்பதற்கு முன்னால் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

கால்வனைஸ்டு என்றாலும் எப்படிச் செய்தது என்று கேட்க வேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முழுச் சட்டத்தையும் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்திருந்தால், குழாய்களின் உள்பக்கத்துக்கும் பூச்சு கிடைத்திருக்கும். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். பிறகு யாராவது துளை போட்டோ வெல்டிங் வைத்தோ இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும், குனிந்து அடிப்பக்கம் பாருங்கள்.

அலுமினிய ட்ரெய்லர் எடை குறைவு, கார் சின்னது என்றால் நல்லதுதான். ஆனால் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் அதிலும் பெரும்பாலும் இரும்புதான், இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையத் தொடங்கும். கொடுக்கிற கூடுதல் விலைக்கு எனக்கு மனம் வரவில்லை.

சரி, எடை. வெறும் படகை மட்டும் கணக்குப் போடாதீர்கள். 90 குதிரைத்திறன் மோட்டார் மட்டுமே 160 கிலோ வரும், 100 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 75 கிலோ, அப்புறம் பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, ட்ரெய்லரின் சொந்த எடை. ஆஸ்திரேலியாவில் சுமையோடு சேர்த்து ட்ரெய்லர் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குப் பிரேக் கட்டாயம், உங்கள் படகோடு நிச்சயம் தாண்டும். டிரம் பிரேக் உப்புத் தண்ணீரை உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும், டிஸ்க் என்றால் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். அதனால் டிஸ்க் கேளுங்கள். படகு உட்காரும் இடத்தில் கம்பளம் சுற்றிய கட்டை இருந்தால் அது உப்பை ஈரத்தோடு அலுமினிய அடிப்பாகத்தில் ஒட்டவைத்தே இருக்கும். பிளாஸ்டிக் பட்டையாக மாற்றுங்கள்.

ஆனால் ட்ரெய்லரை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்தான். எனக்கே ஒருமுறை இடது சக்கரம் நெடுஞ்சாலையில் இறுகிப்போய், குழந்தைகளோடு ஓரத்தில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். ஓடி வந்த சூட்டோடு ஹப்பை, அதாவது பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை, குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போடுகிறார்கள், அது கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருந்து தண்ணீரை வெளியே நிறுத்தும். கரைக்குப் போனதும் சக்கரம் ஆறும் வரை காத்திருங்கள், விளக்கு வயரின் பிளக்கைக் கழற்றிவிட்டே தண்ணீரில் இறக்குங்கள்.

வீடு திரும்பியதும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் குழாய்களுக்கு உள்ளேயும் தண்ணீர் போக வேண்டும். அந்தப் பழைய ட்ரெய்லரை இன்னமும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.