லாவோஸ் அணை, சிங்கப்பூர் விளக்கு: ஆசியான் மின்சாரமும் கனிமமும் – கேள்வி பதில்

தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் மின்சாரத்தையும் கனிமத்தையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் மின்கட்டமைப்பு வேலையிலேயே காலம் தள்ளியவன். அதனால் கரண்டு பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமதி, சிங்கப்பூர்: அண்ணா, லாவோஸிலிருந்து நமக்கு மின்சாரம் வந்தது என்கிறார்கள். நடுவில் இரண்டு நாடு இருக்கிறதே! அந்தக் கரண்டுதான் என் வீட்டில் எரிந்ததா?

லாவோஸ் அணைக்கும் உங்கள் வீட்டு ஃபேனுக்கும் தனிக் கம்பி எதுவும் இல்லை, கோமதி. 2022 ஜூனில் தொடங்கியபோது ஏற்பாடு இதுதான்: லாவோஸ் 100 மெகாவாட் வரை நீர்மின்சாரத்தைத் தாய்லாந்தின் கிரிட்டுக்குள் (மின்கட்டமைப்புக்குள்) தள்ளும். தாய்லாந்து தன் தெற்கு எல்லையில் அதே அளவை மலேசியாவுக்குக் கொடுக்கும். மலேசியா ஜொகூர் வழியாகச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு அனுப்பும். திருச்சி வங்கியில் கட்டிய பணத்தை மதுரைக் கிளையில் எடுக்கிறோமே, அந்த மாதிரி. நோட்டு வேறு, கணக்கு ஒன்று.

இதில் எனக்குப் பிடித்த இடம் தாய்லாந்து–மலேசியா இணைப்பு. கெடா மாநிலத்துக் குரூணுக்கு வந்து சேரும் அந்த லைன் டிசி மின்சாரம் (ஒரே திசையில் ஓடுவது), 300 மெகாவாட். ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில்) இணைத்தால் இரண்டு நாட்டு ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். ஒரு பக்கம் தடுமாறினால் மறுபக்கமும் ஆடும். டிசியில் அந்தப் பயம் இல்லை, எவ்வளவு போக வேண்டுமோ அதை அளந்து விடலாம். பக்கத்து வீட்டை முழுசாக நம்பாத நாடுகளுக்கு இது ரொம்பத் தோது.

செல்வம், தெம்பனீஸ்: அப்போ பில் குறையுமா சார்?

குறையாது. சிங்கப்பூரின் 2020 உச்சத் தேவையில் 100 மெகாவாட் என்பது ஒன்றரை சதவீதம்தான். மீதி ஏறக்குறைய எல்லாமே இயற்கை எரிவாயு. எரிவாயு விலை ஏறும்போது சாய்ந்துகொள்ள இன்னொரு தோள் வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 2035க்குள் 4 ஜிகாவாட் (4,000 மெகாவாட்) இறக்குமதி என்றிருந்த இலக்கை 2024இல் 6 ஜிகாவாட்டாக உயர்த்திவிட்டார்கள்.

ரவி, பினாங்கு: ஆசியான் பவர் கிரிட் என்று நான் பள்ளியில் படிக்கும்போதே பேசினார்கள். இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்களே?

ஆசியான் நாடுகளின் கிரிட்டுகளை ஒன்றாக இணைக்க 1997இல் கோலாலம்பூரில் கனவு கண்டார்கள், 2007இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் நான்கு நாடுகளைத் தொட்டுச் செல்லும் வியாபாரம் 2022இல்தான் நடந்தது. அதற்கு முன் எல்லாமே இருவர் பேரம்: லாவோஸ்–தாய்லாந்து, சரவாக்–மேற்குக் கலிமந்தான், அப்படி.

கம்பி இழுப்பது பெரிய சிரமமே இல்லை, ரவி. நடு நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் முடிச்சு. அடுத்தவர் மின்சாரம் நம் லைனில் போனால் வீலிங் சார்ஜ், அதாவது லைன் வாடகை, எவ்வளவு? வழியில் ஏற்படும் இழப்பு யார் தலையில்? கோளாறு வந்தால் முதலில் யாரை வெட்டிவிடுவது? இதற்கெல்லாம் எல்லாருக்கும் பொதுவான விதி இல்லாததால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது. அரசியலும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் மலேசியாவே 2021இல் புதுப்பிக்கத்தக்க மின்சார ஏற்றுமதிக்குத் தடை போட்டு, 2023இல் எடுத்தது. அப்புறம் அந்த லாவோஸ்–சிங்கப்பூர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மலேசியாவும் தன் பங்காக மின்சாரம் விற்க வந்தது. காசு கண்ணில் பட்டால் ஒத்துழைப்பும் வேகமெடுக்கும்.

மீனா, சென்னை: அணை மின்சாரத்தைப் 'பசுமை' என்று சொல்லலாமா?

புகை இல்லை என்ற கணக்கில் சொல்லலாம். மீகாங் ஆற்று மீனவரிடம் போய்ச் சொல்ல முடியாது. லாவோஸின் சயாபுரி அணை, 1,285 மெகாவாட், மீகாங்கின் குறுக்கேயே நிற்கிறது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கு. வண்டல் குறைவதும் மீன் வலசை தடைபடுவதும் கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும். 2018 ஜூலையில் லாவோஸின் அத்தாப்பு மாகாணத்தில் கட்டுமானத்தில் இருந்த ஒரு துணை அணை உடைந்து பலர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 1995இல் அமைந்த மீகாங் நதி ஆணையம் இருக்கத்தான் செய்கிறது. அணை கட்டும் முன் கலந்து பேச வேண்டும் என்பது அதன் விதி. வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

பிரபாகரன், கிள்ளான்: கனிமத்தில் ஒத்துழைப்பு எப்படி அண்ணே? இந்தோனேசியா தனியாக ஓடுகிற மாதிரி தெரிகிறதே.

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆசியானுக்குக் கனிமத்துறை அமைச்சர்கள் கூட்டம் 2005 முதல் உண்டு, 2016–2025க்கு ஒரு செயல்திட்டமும் போட்டார்கள். தரவுத்தளம், பயிற்சி என்று நல்ல வேலைகள்தான். ஆனால் 2020 ஜனவரியில் இந்தோனேசியா நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியபோது, அது முழுக்கத் தன் நலன் பார்த்து எடுத்த முடிவு. பலன் கிடைத்தது: சுலவேசியின் மொரோவாலியில் சீன முதலீட்டில் உருக்காலைகள் முளைத்தன, உலக நிக்கலில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவில் தோண்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2022இல் சாதகமான தீர்ப்பு வாங்கியது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வே செயல்படவில்லை, வழக்கு அப்படியே தொங்குகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. மின்சாரக் காருக்கான பேட்டரி என்று பெயர் சொல்லி எடுக்கும் நிக்கலை, அந்தந்த ஆலைக்கென்றே கட்டிய நிலக்கரி மின்நிலையங்கள் உருக்குகின்றன. மின்சாரத்தை ஒரு மேசையிலும் கனிமத்தை இன்னொரு மேசையிலும் வைத்துப் பேசினால் இப்படித்தான் ஆகும். அடுத்த உருக்காலைக்கு அனுமதி கொடுக்கும் முன், அதற்குக் கரண்டு எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும். மலேசியாவும் 2024 முதல் பதப்படுத்தாத அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியைத் தடுத்திருக்கிறது. குவாந்தான் அருகே கெபெங்கில் உள்ள அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவு பற்றிய சண்டையைப் பார்த்தவர்களுக்கு, ஆலை வந்தால் கழிவும் கூடவே வரும் என்பது தெரியும்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: அண்ணா, இந்தியா–இலங்கை மின்இணைப்புக்கும் இதே கதைதானா?

அங்கே நடு நாடு இல்லை, தங்கச்சி, அதனால் ஒரு தலைவலி குறைவு. 2025 ஏப்ரலில் டிசி இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. பக்கத்தில் முன்மாதிரி வேண்டுமென்றால், 2024 நவம்பரில் நேபாளம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பியதைப் பாருங்கள். யூனிட் 6.4 அமெரிக்க சென்ட் என்று விலையை முதலில் முடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்கள். உங்கள் ஊரிலும் விலை என்ன, யார் எப்போது வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.